டிக்கி வைத்த சின்னக் கார்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படிக்கவும். அவசரத்தில் இருப்பவர்கள் காபி குடித்துவிட்டு வரவும்.

போன வாரம் தெற்கு மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். "சார், என்னைத் தெரியுதா?" முப்பது வருடத்துக்கு முன் பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். இப்போது மந்தைவெளியில் ஃபிளாட், தலையில் பாதி நரை. நலம் விசாரித்து முடிவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"சார், கார் வாங்கணும். எல்லாம் சேத்து பத்து லட்சத்துக்கு மேல முடியாது. அம்மாவுக்கு இப்ப வீல்சேர். அது உள்ள போற மாதிரி டிக்கி வேணும். சின்ன கார்ல டிக்கி வச்சது எதாவது நல்லதா சொல்லுங்க."

நான் சரித்திர வாத்தியார், கார் வாத்தியார் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டிக்கி வைத்த சின்னக் கார் என்றதும் எனக்கு 1960களின் மயிலாப்பூர் ஞாபகம் வந்துவிட்டது. காரணம் இருக்கிறது. அவன் கேட்ட மாதிரி ஒரு காரை இந்த ஊரே தயாரித்தது. மெட்ராஸ் மேக். இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் ஒரகடம் பக்கமும் கார் ஆலைகளைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இது தெரியாது. அவனுக்கும் தெரியவில்லை.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்று ஒரு கம்பெனி. 1948இல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் கூட்டோடு மெட்ராஸில் தொடங்கியது. தாம்பரம் தாண்டி வண்டலூர் போகிற வழியில், பெருங்களத்தூர் பக்கம் ஆலை. முதலில் வேன்கார்ட் என்ற பெரிய கார், பிறகு ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட். 1953இல் டாரிஃப் கமிஷன், இந்தியாவில் வெறுமனே பாகங்களை இறக்குமதி செய்து பூட்டிக் கொடுக்கும் வேலை போதாது, இங்கேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்ற பாதையைக் காட்டியது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன. கார் உலகத்தில் மிஞ்சியவர்கள் முக்கியமாக மூன்று பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாய் குர்லாவில் ஃபியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்ட்.

1961இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வந்தது. இங்கிலாந்தில் 1959இல் வெளியான டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு. வடிவம் போட்டவர் இத்தாலியின் ஜோவானி மிகெலோட்டி. எங்கள் தெருவில் ஒரு டாக்டர் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பானெட்டைத் திறந்தால் தெருப் பையன்கள் எல்லோரும் அங்கேதான். மற்ற காரில் மூடி மட்டும்தான் திறக்கும். இதில் முகப்பு முழுவதும், மட்கார்ட், விளக்கு எல்லாமாக, முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் கை வைக்கலாம். முதலை வாயைத் திறந்தது போல இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஏன் அப்படி ஒரு அமைப்பு என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டுக்கு கார் கூடு செய்து கொடுத்த பெரிய கம்பெனியை 1953இல் போட்டியாளர் பிஎம்சி வாங்கிவிட்டது. இனி முழுக் கூடு செய்து தர ஆள் இல்லை. அதனால் கூட்டைத் துண்டு துண்டாக வெவ்வேறு சின்னப் பட்டறைகளில் செய்து, கீழே தனியாக ஒரு சேஸிஸ் வைத்து, அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கும்படி வடிவமைத்தார்கள். வேறு வழியில்லாமல் செய்த வேலை. ஆனால் கடல் தாண்டி இருக்கும் மெட்ராஸ் போன்ற ஊருக்கு அது வரப்பிரசாதம். துண்டுகளாக வரவழைத்துப் பூட்டலாம், ஒவ்வொரு துண்டாக இங்கேயே செய்யப் பழகலாம். ஒரு பக்கம் இடித்து நசுங்கினால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம். கையில் காசு குறைவாக இருப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

இன்னொரு சிறப்பு, வண்டி திரும்பும் வட்டம். 25 அடி. அதாவது சுமார் 7.6 மீட்டர். இன்றைய டிசையருக்கு 9.6 மீட்டர் வேண்டும். மாட வீதிகளிலிருந்து பிரியும் சந்துகளில், ஒரு பக்கம் பால் வண்டி, ஒரு பக்கம் மாடு நிற்கும்போது காரைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

குறை இல்லையா? இருந்தது. முதலில் வந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவு. மடிசார் கட்டிய பாட்டி முன் சீட்டை மடக்கிக் குனிந்து பின்னால் போக வேண்டும். இங்கிலாந்தில் ஹெரால்ட் வாங்கியவர் இளம் தம்பதியாக இருக்கலாம். இங்கே வாங்கியது கூட்டுக் குடும்பம். டிரையம்ஃப் கம்பெனி கடைசி வரை நான்கு கதவு வைத்த ஹெரால்ட் செடானைத் தயாரிக்கவே இல்லை. நம் மெட்ராஸ் ஆலை தயாரித்தது! 1960களின் பிற்பகுதியில் மார்க் 3 என்று வந்தது அதுதான். தாய் வீட்டில் இல்லாத கதவைப் பெருங்களத்தூரில் வைத்தார்கள் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு அற்பப் பெருமை உண்டு.

கதவு சரியாயிற்று. பின் சக்கரம் சரியாகவில்லை. ஹெரால்டின் பின் அச்சு மற்ற கார்களைப் போல ஒரே நீளத் தண்டு அல்ல. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும் அமைப்பு. இரண்டு பேர் போனால் சுகம். ஐந்து பேர், அரிசி மூட்டை, திருப்பதிக்கு எடுத்துப்போகும் டிரங்குப் பெட்டி என்று ஏற்றினால் பின்பக்கம் இறங்கி, சக்கரங்களின் மேல் பகுதி உள்பக்கமாகச் சாயும். டயரின் உள் விளிம்பு தேயும். வேகமாக வளைந்தால் வெளிச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். இந்த அமைப்பு இந்திய வாடிக்கையாளருக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குக்கும் பிடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் முகத்தை மாற்றி, கெஸல் என்று பெயர் வைத்து, பின்னால் ஒரே தண்டு அச்சைப் போட்டு விட்டார்கள். எஞ்சின் அதே 948 சிசி. புதுமையான அமைப்பிலிருந்து பழைய அமைப்புக்கு ஒரு கார் திரும்பிப் போனது என்றால் அதற்குக் காரணம் நம் ஊர் மெக்கானிக் ஷெட்டுகள்தான். 1977 வாக்கில் கெஸலும் நின்றுவிட்டது.

அந்தக் காலத்தில் விலையை வைத்து மட்டும் கார் தேர்ந்தெடுக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 1959இலிருந்தே கார் யாருக்கு எப்படி விற்பது என்று அரசு உத்தரவு உண்டு. 1969இல் விலையையே மத்திய அரசு நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1971இல் தீர்ப்பு வாங்கின. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஃபியட்டுக்கு வரிசை மிக நீளம். அதனால் மக்கள் பார்த்தது வேறு கணக்கு. எது சீக்கிரம் கிடைக்கும், எதற்கு எந்த ஊரிலும் மெக்கானிக் இருக்கிறான், விற்றால் எவ்வளவு தேறும். இந்த மூன்றில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஃபியட்டும் அம்பாசடரும் ஹெரால்டை முந்திவிட்டன. டாக்ஸியாக ஊர் முழுக்க ஓடும் காருக்கு எந்த மூலையிலும் பாகம் கிடைக்கும். டாக்ஸிக்காரர் தொடாத கார் தனிமரம். என் அப்பா மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தார். கடைசியில் எதையும் வாங்கவில்லை. 5பி பஸ்ஸிலேயே காலம் போயிற்று என்பது வேறு விஷயம்.

ஸ்டாண்டர்ட் கம்பெனியின் முடிவு சோகம். 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய கார். இங்கிலாந்து ரோவரின் உடம்பு, உள்ளே வேன்கார்ட் காலத்து வம்சத்தில் வந்த இரண்டு லிட்டர் எஞ்சின். அதற்குள் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, 47,500 ரூபாய் விலையோடு நடுத்தரக் குடும்பத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டது. சின்னக் கார் செய்யப் பழகிய ஆலை, நாடு சின்னக் காருக்கு ஆலாய்ப் பறந்த நேரத்தில் பெரிய கார் செய்தது! 1988இல் உற்பத்தி நின்றது. ஆலையில் மிஞ்சிய ரோவர் பாகங்களைப் பின்னாளில் இங்கிலாந்துக்காரர்களே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் அவனிடம் காய்கறிக் கடையிலேயே சொன்னேனா என்றால், பாதி சொன்னேன். மீதிக்கு ஒரு காபி தேவைப்பட்டது. அங்கே அவன் கேட்டான், "அப்புறம் ஏன் சார் இப்ப வர்ற சின்ன செடானுக்கெல்லாம் பின்னாடி வால் வெட்டின மாதிரி இருக்கு?"

நல்ல கேள்வி. கடைசி பெஞ்சுக்காரர்கள்தான் நல்ல கேள்வி கேட்பார்கள்.

மாருதி 800க்கு டிக்கி என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. நம் ஆட்களுக்கோ டிக்கி இல்லாத கார் முழுக் காராகத் தெரியாது. கல்யாணத்துக்குப் போனால் சீர்வரிசைத் தட்டை எங்கே வைப்பது? 2006 மத்திய பட்ஜெட்டில் சின்னக் காருக்கு எக்சைஸ் வரி 24இலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. சின்னக் கார் என்றால் நீளம் 4 மீட்டருக்கு மிகக் கூடாது. பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் 1500க்குள். உடனே கம்பெனிகள் ஸ்கேலை எடுத்தன. 2008இல் டாடா இண்டிகோ சிஎஸ், வால் குறுகிய செடான். 4 மீட்டரைத் தாண்டி இருந்த ஸ்விஃப்ட் டிசையர் 2012இல் வெட்டிக்கொண்டு 3,995 மில்லிமீட்டரில் வந்து நின்றது. பிறகு அமேஸ், எக்ஸென்ட், ஆஸ்பயர், இப்போது ஆரா. தையற்காரர் துணி பற்றாமல் சட்டை தைத்தது போல சில கார்களின் பின்புறம் இருந்தது என்றால் அதற்கு இந்த 5 மில்லிமீட்டர் சாமர்த்தியம்தான் காரணம்.

இப்போது ஒரு வேடிக்கை. ஹெரால்டின் நீளம் சுமார் 3.89 மீட்டர். எஞ்சின் 948 சிசி. 2006இன் சட்டத்துக்குள் 1961ஆம் வருடத்து மெட்ராஸ் கார் தாராளமாக உட்கார்ந்துவிடும். பத்மினியும் அப்படியே. அம்பாசடர்தான் 4 மீட்டரைத் தாண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியிலும் அதே அளவுகோல். அந்த அளவுக்குள் இருந்தால் 18 சதவீதம், மீறினால் 40. மாநில வரியும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் மாற்றத்துக்குப் பிறகு, 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18. ஷோரூம்காரர் "இன்னும் கொஞ்சம் போட்டா டாப் மாடல் சார்" என்று இழுக்கும்போது, அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டோமா என்று பார்க்க வேண்டும். அவனுடைய பத்து லட்சம் இன்சூரன்ஸ், வரி எல்லாம் சேர்த்து. ஆகவே ஷோரூம் விலை எட்டரை லட்சத்தைச் சுற்றித்தான் இருக்க முடியும். காபிக் கடை பில்லின் பின்புறத்தில் கூட்டிக் காட்டினேன்.

"மைலேஜுக்கு சிஎன்ஜி எடுக்கலாம்னு இருக்கேன் சார்" என்றான்.

"சிலிண்டர் எங்கடா இருக்கும்?"

யோசித்தான். "டிக்கில."

"அப்ப வீல்சேர்?"

இரண்டு சின்ன சிலிண்டரைத் தரை மட்டத்தில் வைத்து இடம் மிச்சம் பிடிக்கும் வண்டிகளும் இப்போது இருக்கின்றன. டாடா டிகோர் அப்படி வந்தது. அதையும் பார் என்றேன். பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2024இல் வந்த புது டிசையருக்குக் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம். விலை குறைந்த காருக்கு இது முன்பெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாதது. ஹெரால்ட் காலத்தில் நட்சத்திரம் வானத்தில்தான் இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னேன். கம்பெனி இந்த ஊரில் நிலைக்குமா என்று பார். ஃபோர்டு 1950களில் ஒரு தடவை போனது. திரும்பி வந்து மறைமலை நகரில் ஆலை போட்டு, 1999இல் ஐகான் என்று அருமையான செடான் கொடுத்தது. 2021இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. சர்வீஸ் உண்டு, பாகம் உண்டு. ஆனாலும் போன கம்பெனியின் காரை விற்கப் போனவரிடம் தரகர் முதலில் பேசுவது அதைப் பற்றித்தான். பத்து லட்சத்தில் கார் வாங்குகிறவனுக்கு எட்டு வருடம் கழித்து அது விற்கும் விலையும் சேமிப்புதான். பணக்காரர் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

அடையாறில், டி. நகரில் சுற்றிவிட்டு நேற்று ராத்திரி போன் செய்தான். மூன்று வண்டி பார்த்திருக்கிறான். ஒன்றில் டிக்கி பெரிது, ஆனால் வாய் சின்னது. மடித்த வீல்சேர் குறுக்கே போகுமா என்று சந்தேகம். டேப் வைத்து அளந்தானாம். விற்பனைப் பெண் சிரித்தாளாம்.

"அளந்தா போதாதுடா. சனிக்கிழமை வீல்சேரையே எடுத்துட்டு போ. அம்மாவையும் கூட்டிட்டுப் போ. பின் சீட்ல அவங்க தானா ஏறி இறங்கறாங்களான்னு பாரு."

"ஆட்டோல வீல்சேர் ஏறாது சார். அதுக்குத்தான காரே வாங்கறேன்."

டெஸ்ட் டிரைவுக்கு வண்டியை வீட்டுக்கே அனுப்பச் சொல் என்றேன். சனிக்கிழமை பத்து மணிக்கு மந்தைவெளி வருகிறதாம். நானும் போகிறேன்.