வெண்ணெய் பர்கர்

அரைத்த மாட்டிறைச்சியை வட்டமாகத் தட்டி, சூடேறிய இரும்புத்தட்டில் சுட்டு, பன்னுக்குள் வைத்துத் தருவது பர்கர். அதில் வெண்ணெய்க்கும் முதன்மையான இடம் கொடுத்துச் செய்யும் வகையே வெண்ணெய் பர்கர். வெண்ணெயைப் பன்னில் தடவலாம், சுட்ட கறியின் மேல் வைக்கலாம், அரைத்த கறியோடு பிசையலாம். பூண்டு, மூலிகை, எலுமிச்சைச்சாறு, மிளகு ஆகியவற்றைக் குழைத்த வெண்ணெயையும் பயன்படுத்துவதுண்டு. கடைப் பண்டமாக இதன் தாயகம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். மசாலா குழைத்த வெண்ணெயோ பிரெஞ்சுச் சமையலறையிலிருந்து வந்தது. இன்று வீடுகளில் செய்யப்படும் வெண்ணெய் பர்கரில் இவ்விரண்டு மரபுகளும் கலந்திருக்கின்றன.

பர்கரின் பிறப்பு

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தின் பெயர் இந்த இறைச்சியோடு ஒட்டிக்கொண்டு நெடுங்காலம் ஆகிறது. ஹானா கிளாஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதிய சமையல் நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே ‘ஹாம்பர்க் சாசேஜ்’ என்றொரு பண்டம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி அமெரிக்கா சென்ற ஜெர்மானியர்களோடு ‘ஹாம்பர்க் ஸ்டேக்’ என்ற கொத்திறைச்சியும் நியூயார்க் உணவகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது அதைத் தட்டில் வைத்து, முள்கரண்டியால் சாப்பிட்டார்கள். ரொட்டிக்குள் அதை முதலில் வைத்தவர் யார் என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. விஸ்கான்சினின் சீமோர் ஊர்ச் சந்தையில் 1885இல், பதினைந்து வயதுப் பையனான சார்லி நாக்ரீன் இறைச்சி உருண்டை விற்றாராம். நடந்துகொண்டே உண்ண முடியாமல் மக்கள் திணறியதால், உருண்டையைத் தட்டையாக்கி இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கொடுத்தாராம். அதே ஆண்டில் நியூயார்க் மாநிலத்துச் சந்தையொன்றில் தாங்களே செய்தோம் என்பது மென்ச்சஸ் சகோதரர்கள் தரப்பு. கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் உள்ள லூயிஸ் லஞ்ச் உணவகம் 1900ஆம் ஆண்டைச் சொல்கிறது.

இவற்றில் எதற்கும் அசைக்க முடியாத சான்று கிடையாது. வெண்ணெயின் கதைக்குத் தேவையானது இன்னொரு உரிமைக்கோரல். ஹாம்பர்க் நகரில் 1891இல் ஓட்டோ குவாஸ் என்ற சமையற்காரர் இறைச்சி வட்டை வெண்ணெயில் பொரித்து, அதன்மேல் பொரித்த முட்டையை வைத்து, சுட்ட பன்னுக்குள் அடக்கிக் கப்பல்காரர்களுக்குக் கொடுத்தார் என்று ஒயிட் காஸில் நிறுவனம் சொல்லிவருகிறது. அது மெய்யானால் பர்கர் பிறக்கும்போதே வெண்ணெயோடு பிறந்திருக்கிறது. ஒரு வணிக நிறுவனம் சொல்லும் கதை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதை ஏற்பது நல்லது.

1906இல் அப்டன் சின்க்ளேரின் ‘தி ஜங்கிள்’ நாவல் சிகாகோ இறைச்சிக்கூடங்களின் அவலத்தை வெளிச்சமிட்டுக் காட்டியபின், அரைத்த கறி என்றாலே அமெரிக்கர்கள் முகம் சுளித்தார்கள். அந்த அவநம்பிக்கையைப் போக்கியதில் பெரும்பங்கு, 1921இல் கான்சஸின் விச்சிட்டா நகரில் தொடங்கிய ஒயிட் காஸிலுக்கு உண்டு. வெள்ளைச் சுவர், பளபளக்கும் எஃகு, வாடிக்கையாளரின் கண்முன்னே சமையல், விலை ஐந்து சென்ட். ஆனால் அங்கே மெல்லிய கறி வெங்காய ஆவியில் வெந்ததே தவிர, வெண்ணெய்க்கு வேலையில்லை.

விஸ்கான்சினும் வெண்ணெய்ச் சண்டையும்

வெண்ணெய் பர்கர் ஏன் விஸ்கான்சினில் வேரூன்றியது என்பதற்குச் சுவையை விட அரசியலே நல்ல விடை தரும். அது பால் மாநிலம். 1940 முதல் அங்கே வாகன எண் பலகையிலேயே ‘அமெரிக்காவின் பால் நாடு’ என்று பொறித்திருக்கிறார்கள். பால்பண்ணைக்காரர்களுக்குப் பெரிய எதிரி மார்கரின். பிரான்ஸில் 1869இல் இப்போலித் மேஜ்-மூரியே கண்டுபிடித்த இந்த மலிவுக் கொழுப்பு அமெரிக்காவுக்குள் நுழைந்ததும், 1886இல் நடுவண் அரசு அதற்கு வரி போட்டது. விஸ்கான்சின் அதோடு நிற்கவில்லை. மஞ்சள் நிறமேற்றிய மார்கரினை விற்கக்கூடாது என்று 1895இல் தடைச்சட்டம் கொண்டுவந்தது. வெள்ளையாக விற்றால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதே கணக்கு. மக்கள் எல்லை தாண்டி இல்லினாய்க்குக் காரில் போய், பெட்டி பெட்டியாக மஞ்சள் மார்கரின் வாங்கி வந்தார்கள். தடை நீங்கியது 1967இல்தான். நாட்டிலேயே கடைசியாக அதை நீக்கிய மாநிலமும் இதுதான்.

இந்தச் சண்டையில் வெண்ணெய்க்காகத் தொண்டை கிழியப் பேசியவர் மாநில மேலவை உறுப்பினர் கோர்டன் ரோஸ்லீப். கண்ணைக் கட்டி நடத்திய சுவைச் சோதனையில் அவர் மார்கரினையே வெண்ணெய் என்று காட்டிவிட்டார். அவர் உடல்நிலையை எண்ணி வீட்டில் வெகுநாளாக அவருக்கு மார்கரினைத்தான் பரிமாறினோம் என்று குடும்பத்தார் பின்னாளில் வெளிப்படுத்தினார்கள். நாக்கு பழகியதைத்தானே தேடும்!

தடை போனாலும் ஒரு விதி தங்கிவிட்டது. வாடிக்கையாளர் கேட்காமல் உணவகங்கள் வெண்ணெய்க்குப் பதில் மார்கரினைப் பரிமாறக்கூடாது என்பது அங்கே இன்றும் சட்டம். இப்படி வெண்ணெயைச் சட்டத்தாலும் பெருமிதத்தாலும் காத்த ஊரில், பர்கரில் அதைத் தாராளமாகப் போட்டது வியப்பல்ல.

மில்வாக்கியில் 1936இல் சிறு காபிக்கடையாகத் தொடங்கி, பின்பு அருகிலுள்ள கிளென்டேலுக்கு இடம்பெயர்ந்த சாலீஸ் கிரில்தான் இவ்வகைக்கு முன்மாதிரி. பொருளாதார மந்தம் நீடித்த காலத்தில் பிறந்த கடை என்றாலும் வெண்ணெயில் கை சுருங்கவில்லை. சர்லாயின் கறி, பதமாக வேகவைத்த வெங்காயம், அதற்கு மேல் கரண்டி நிறைய வெண்ணெய். கறியின் சூட்டில் உருகிய வெண்ணெய் பன்னில் ஊறித் தட்டிலும் வழியும். அதைப் பன்னால் துடைத்து உண்பது அங்கே வழக்கம். மசாலா என்று ஒன்றும் கிடையாது, உப்பும் வெங்காயமும்தான். 2022இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை ‘அமெரிக்காவின் செவ்வியல் உணவகங்கள்’ விருதை இதற்கு அளித்தது. 1984இல் சாக் சிட்டியில் தொடங்கிய கல்வர்ஸ் நிறுவனம் ‘பட்டர்பர்கர்’ என்ற பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. அவர்களுடையது அடக்கமான முறை. பன்னின் மேல்பாதியில் மட்டும் வெண்ணெய் தடவிச் சுடுகிறார்கள். சாலீஸின் தாராளத்தோடு ஒப்பிட்டால் இது பெயரளவு வெண்ணெய்தான். ஆனால் சுட்ட பன்னில் படியும் கொழுப்புப் படலம், கறிச்சாறு உள்ளே இறங்கிப் பன் நைந்துபோவதைத் தடுக்கிறது.

குழைத்த வெண்ணெயின் வழி

பிரெஞ்சுக் குழைத்த வெண்ணெய்களில் ஒன்றான மெத்ர தோட்டெல் வெண்ணெய் என்பது பார்ஸ்லி, எலுமிச்சைச்சாறு, உப்பு, மிளகு குழைத்தது. சுட்ட இறைச்சியின் மேல் இதில் ஒரு வில்லை வைத்து உருகவிடுவது பிரெஞ்சு முறை. பிரெஞ்சுச் சமையற்கலைஞர் எஸ்கோஃபியே 1903இல் வெளியிட்ட ‘ல கீத் குலினேர்’ நூலில் குழைத்த வெண்ணெய்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. ஜெனீவாவின் கஃபே த பாரி உணவகம் பல மூலிகைகளும் மசாலாவும் சேர்த்த வெண்ணெயால் பெயர் பெற்றது. அதன் செய்முறை இன்னும் கடை ரகசியம்.

வெண்ணெயைக் கறிக்குள்ளேயே சேர்க்கும் பழக்கம் ரஷ்யாவில் பழையது. மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்குக்கும் இடையே தோர்ஷோக் ஊரின் பொஷார்ஸ்கி சத்திரத்துக் கட்லட்டை 1826இலேயே கவிஞர் புஷ்கின் நண்பருக்குப் பரிந்துரைத்திருக்கிறார். கோழிக்கறியைக் கொத்தி, வெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, ரொட்டித்தூள் பூசிப் பொரிப்பது பொஷார்ஸ்கி கட்லட். கொழுப்பில்லாத கோழிக்கறி வறண்டுபோகாமல் இருக்க இதைவிட எளிய வழி கிடையாது.

பர்கருக்கு அந்த வழியை அமெரிக்க வீடுகளுக்குக் காட்டிய நூல்களில் ஒன்று, ஜூலியா சைல்ட், சிமோன் பெக், லூயிசெட் பெர்தோல் மூவரும் 1961இல் வெளியிட்ட பிரெஞ்சுச் சமையல் நூல். ‘லியோன் பாணிக் கொத்திறைச்சி’ என்ற அதன் செய்முறையில் வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, இளகிய வெண்ணெயோ மஜ்ஜையோ சேர்த்து, தைம் இலையும் முட்டையும் கலந்து பிசையச் சொல்கிறார்கள். சுட்ட சட்டியில் ஒட்டியிருப்பதைக் கரைத்து, வெண்ணெய் போட்டுக் குழம்பும் செய்யச் சொல்கிறார்கள். மட்டமான ஹாம்பர்கருக்கு மரியாதை தேடித் தந்த செய்முறை என்றே இதைச் சொல்லவேண்டும்.

பர்கரில் வெண்ணெய் சேர்க்க இன்னொரு காரணமும் பிறகு சேர்ந்தது. 1993இல் ஜாக் இன் தி பாக்ஸ் உணவகங்களில் சரியாக வேகாத பர்கரிலிருந்த ஈ.கோலை கிருமியால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் வரை வேகவேண்டும் என்று அமெரிக்க வேளாண்துறை வலியுறுத்துகிறது. அந்தச் சூட்டில் கறி வறளத்தான் செய்யும். வெளியிலிருந்து கொழுப்பைக் கொண்டுவர வெண்ணெய் கைகொடுக்கிறது.

வீட்டு அடுப்பில்

வெண்ணெயின் எண்பது விழுக்காடு கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால்சத்து. அது 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். 150 டிகிரியைத் தாண்டினால் பால்சத்து கருகும். வீட்டில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த இரண்டு எண்களை மறப்பதால் வருகிறது. கறி சிவந்து மொறுமொறுப்பாக இரும்புத்தட்டு 200 டிகிரிக்கு மேல் காய்ந்திருக்கவேண்டும். அதில் வெண்ணெயை முதலில் போட்டால் கசப்புதான் மிஞ்சும். நெய்யோ எண்ணெயோ விட்டுச் சுட்டு, இறக்குமுன் கடைசி அரை நிமிடத்தில் வெண்ணெயைப் போடுவதே சரி. நம் தோசைக்கல் இதற்குக் கச்சிதமான பாத்திரம்.

வட்டின் நடுவே வெண்ணெய்க் கட்டியை ஒளித்து வைக்கும் முறை பார்க்க அழகு, பலன் குறைவு. கறி வேகுமுன்னே வெண்ணெய் உருகி, கொத்துக்கறியின் இடுக்குகள் வழியாகக் கல்லுக்கு ஓடிவிடும். நடுவில் குழிதான் மிஞ்சும். கொழுப்பு 20 விழுக்காடு உள்ள மாட்டிறைச்சிக்கு உள்ளே வெண்ணெய் தேவையே இல்லை. கொழுப்பில்லாத கோழிக்கொத்துக்கு மட்டும், பொஷார்ஸ்கி முறையில் குளிர்ந்த வெண்ணெயைச் சிறுசிறு துண்டுகளாக்கிக் கலக்கலாம். கறியோடு கலப்பதற்கு உப்பில்லா வெண்ணெய்தான் ஏற்றது. உப்பு முன்கூட்டியே உள்ளே போனால் கறியின் புரதம் கரைந்து, பர்கர் சாசேஜ் போல இறுகிவிடும்.

நான்கு பர்கருக்கு 600 கிராம் கறி போதும். மேலே வைக்க 100 கிராம் வெண்ணெயில், நசுக்கிய இரண்டு பல் பூண்டு, ஒரு பிடி நறுக்கிய பார்ஸ்லி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச்சாறு, அரைத் தேக்கரண்டி உப்பு, இடித்த மிளகு சேர்த்துக் குழைத்து, தாளில் சுருட்டிக் குளிரவைக்கவேண்டும். பார்ஸ்லி கிடைக்காவிட்டால் கொத்தமல்லித்தழை. கறியின் வெளிப்புறத்தில் உப்புத் தூவி, கனத்த கல்லில் சுட்டு, இறக்கியதும் ஒரு வில்லை வெண்ணெயை வைத்துப் பன்னால் மூடினால், உண்ணும்போது அது பாதி உருகியிருக்கும். கோழிக்கறி என்றால் நடுப்பகுதி 74 டிகிரி எட்டவேண்டும்.

பச்சைப்பூண்டு சேர்ந்த வெண்ணெயை வெளியே வைக்காதீர்கள். கொழுப்புக்குள் காற்றுப்படாமல் இருக்கும் பூண்டில் போட்டுலிசம் நச்சு உருவாக வாய்ப்புண்டு. குளிர்பெட்டியில் வைத்தால் சில நாளில் தீர்த்துவிடுங்கள். நெடுநாள் வேண்டுமென்றால் வில்லைகளாக வெட்டி உறைபெட்டியில் வையுங்கள்.