ஈயும் புழுவும் சொன்ன சர்க்கரைக் கதை



நம் உடலின் உயிரணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. ஆயினும் கண்ணுக்கு ஒரு வேலை, கல்லீரலுக்கு வேறொரு வேலை. எந்த மரபணு எப்போது செயல்பட வேண்டும் என்று பணிப்பவை சில புரதங்கள். மரபணுவிலுள்ள செய்தியைப் படியெடுக்கச் செய்வதால் இவற்றைப் படியாக்கக் காரணிகள் என்பர். பெரட்டில் நின்று வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணியைப் போன்றவை இவை. அவற்றுள் ஒரு குடும்பத்தின் வரலாற்றை இன்று காண்போம்.

1989-ஆம் ஆண்டில் வைகல், யேக்லெ முதலிய ஜெர்மானிய அறிஞர்கள் பழ ஈயின் ஒரு மரபணுவை ஆராய்ந்தனர். அது பழுதுபட்டால், குடற்பகுதிகள் அமைய வேண்டிய இடத்தில் தலையின் பாகங்கள் தோன்றின. ஆகவே அதற்குக் 'கவைத்தலை' என்று பொருள்படும் பெயர் வழங்கிற்று. மறு ஆண்டே, எலியின் கல்லீரல் புரதம் ஒன்றிலும் அதே அமைப்பு இருப்பதை அவ்விருவரும் எடுத்துக் காட்டினர்.

1993-இல் அமெரிக்காவில் சிந்தியா கென்யன் குழுவினர், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மண்புழுதிப் புழுவில் ஒரு மரபணுவை மாற்றினர். புழு இரு மடங்குக்கும் மேலாக வாழ்ந்தது! ஆனால் 'டாஃப்-16' என்னும் மற்றொரு மரபணு இல்லையேல் அந்த நீடிப்பும் இல்லை. 1997-இல் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. மாற்றப்பட்ட மரபணு, இன்சுலினை ஏற்கும் புரதத்தின் உறவு. டாஃப்-16, கவைத்தலைக் குடும்பத்தின் உறுப்பு.

மனிதரிடம் அதன் உறவினருக்கு ஃபாக்சோ என்று பெயர். நாம் பட்டினி இருக்கையில் ஃபாக்சோ கல்லீரல் உயிரணுவின் கருவுக்குள் நின்று, சர்க்கரை உண்டாக்கும் மரபணுக்களை ஏவுகிறது. உண்டபின் இன்சுலின் வந்து அதைக் கருவை விட்டு வெளியேற்றுகிறது. சர்க்கரை உற்பத்தி தணிகிறது.

இன்சுலின் குறைந்தாலோ, உடல் அதற்குச் செவிசாய்க்காவிட்டாலோ, ஃபாக்சோ வெளியேறுவதில்லை. இரவெல்லாம் கல்லீரல் சர்க்கரையை உண்டாக்கிக் கொண்டேயிருக்கும். எனவேதான் இனிப்பு நீர் உள்ளவர் இரவில் ஒன்றும் உண்ணாதிருந்தும், காலைச் சோதனையில் சர்க்கரை மிகுந்திருப்பதுண்டு. "ஒளித்து வைத்துத் தின்றாயா?" என்று வீட்டார் அவரைக் கடிந்து கொள்வது தகாது. அவருக்கு வேண்டியது ஏச்சன்று, முறையான மருத்துவம்.

புழுவைப் போல் மனித ஆயுளை நீட்டும் மருந்து இதிலிருந்து கிடைத்துவிடவில்லை. எனினும், ஈயையும் புழுவையும் பொறுமையோடு ஆராய்ந்தவர்களால் நம் கல்லீரலின் இரகசியம் ஒன்று விளங்கிற்று. சிற்றுயிர் ஆராய்ச்சி வீண்வேலை என்போர் இதனைச் சிந்திப்பார்களாக.