பழையகாயல் குதிரைகள் என்ன தின்றன?

போன பங்குனியில் ஏரல் பக்கம் சித்தப்பா வயலில் பிசான அறுவடை. அறுவடை மிஷின் போனதும் பேலர் வந்து வைக்கோலை உருட்டிக் கட்டிப் போட்டுவிட்டுப் போனது. வியாபாரி கட்டுகளை எண்ணி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் படப்பு போடவில்லையா என்று கேட்டேன். "மாடே இல்ல, படப்பு எதுக்குடே?" என்றார் சித்தப்பா.

அங்கிருந்து தாமிரபரணி ஓரமாகக் கிழக்கே போனால் பழையகாயல். இன்றைக்குக் கடல் தள்ளிப் போய்விட்ட ஊர். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் முத்தும் குதிரையும் கைமாறிய துறைமுகம் அது. ஹோர்முஸ், கிஷ், ஏடனிலிருந்து குதிரைக் கப்பல்கள் இங்கே வந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மன்னர் வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குவாராம். வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் என்று கணக்குச் சொல்கிறார்.

ஏன் செத்தன? வேகவைத்த சோறும் கறியும் போட்டார்கள் என்கிறார் போலோ. வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்கிறார் வஸ்ஸாஃப். இரண்டு பேருக்கும் நம்மாட்கள் குதிரை வளர்க்கத் தெரியாதவர்கள். ஆனால் போலோவே இன்னொன்றும் சொல்கிறார்: குதிரை வியாபாரிகள் லாடம் கட்டி வைத்தியம் பார்ப்பவர்களை இங்கே வரவே விடவில்லை. செத்தால்தானே அடுத்த வருஷம் விற்கும்! படிப்பவர்கள் இந்த வரியை விட்டுவிட்டு, சோறு போட்ட கதையை மட்டும் சிரித்துச் சொல்வார்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. சமையலை விடுங்கள், தினசரித் தீவனம் எது? ஒரு குதிரைக்கு நாளுக்கு 7 கிலோ உலர்தீவனம் என்று வைத்தாலும் 2000 குதிரைக்கு 14 டன், வருஷத்துக்கு 5000 டன்னுக்கு மேல். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்றால் சுமார் 2500 ஏக்கர். ஆற்றுப் பாசனத்துக்கு இது பெரிய விஷயமே இல்லை.

ஆனால் வைக்கோல் நெல்லை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் தாள். சிலிக்கா அதிகம், புரதம் குறைவு. அசைபோடும் மாடு அதைச் சமாளிக்கும். ஒற்றை வயிற்றுக் குதிரைக்கு ஒட்டாது. குளிர்நாடுகளில் குதிரைக்கென்றே புல் வளர்த்து, விதை முற்றுமுன் பச்சையாக அறுத்து, வெயிலில் உலர்த்தி வைப்பார்கள். அதற்கு நம்மிடம் ஒற்றைச் சொல்கூட இல்லை, 'உலர்புல்' என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். காரணம் மழை என்று நினைக்கிறேன். இந்தக் கரையில் புல் தழைப்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். அப்போது அறுத்தால் காய வெயில் இல்லை, பூசணம் பிடிக்கும். வெயில் வருவதற்குள் புல் முற்றிச் சக்கையாகிவிடும். தண்ணீர் பாய்கிற நிலத்தையோ நெல்லை விட்டுவிட்டுப் புல்லுக்குக் கொடுக்க எவன் சம்மதிப்பான்?

மிச்சம் தினமும் அறுத்து வருகிற பச்சைப் புல்தான். பின்னாளில் ஆங்கிலேயரின் குதிரைப்படையிலும் குதிரைகளுக்குப் புல் அறுத்துப் போடவென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். கோடையில் புல் கிடைக்காதபோது சத்துக்கு என்ன செய்வது? தானியம், பால், வெண்ணெய் எல்லாம் அந்த இடத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அறியாமை என்பதைவிட, கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றியது.

வியாபாரியிடம் குதிரை வைக்கோல் தின்னுமா என்று கேட்டேன். "பசிச்சா தின்னும் சார்," என்றார், கயிற்றை இறுக்கிக்கொண்டே. லோடு கேரளாவுக்குப் போகிறதாம், பால்மாட்டுக்கு.