நாமக்கல் கவிஞர் நினைவு இல்லம்

நாமக்கல் நகரில், ‘நாமக்கல் கவிஞர்’ வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) வாழ்ந்த வீடு. தமிழக அரசு இதை நினைவு இல்லமாகப் பராமரித்துவருகிறது. இங்கே நூலகமும் இயங்குகிறது. எழுத்தாளரின் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பயன் இருக்க முடியாது.

கவிஞர் பிறந்தது காவிரிக்கரை மோகனூரில், தந்தை காவல்துறைக்காரர். ஓவியமே முதலில் அவருக்குச் சோறு போட்டது. உருவப்படங்கள் வரைந்து வாழ்ந்த அவரை நாடறியச் செய்தது 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாகிரகம். ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த ஏறத்தாழ 100 தொண்டர்களும் வழிநெடுகப் பாடிச் சென்றது இவர் எழுதிய பாட்டைத்தான். வெயிலில் நடந்தவர்களின் கால்களுக்கு அதன் தாளம் துணையானது. அடுத்த சில ஆண்டுகளில் சிறையும் கண்டார்.

அவர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ நாவல் 1954-இல் எம்.ஜி.ஆர். நடித்துத் திரைப்படமானது. ‘என் கதை’ அவரது தன்வரலாறு. இல்லத்தைப் பார்க்க வருவோர் அதைப் படித்துவிட்டு வருவது நல்லது. 1949-இல் சென்னை மாகாண அரசவைக் கவிஞரானார். 1971-இல் பத்மபூஷண் பெற்றார். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடமும் ‘நாமக்கல் கவிஞர் மாளிகை’ என்றே வழங்குகிறது.