நோய்க்குச் சான்று

காய்ச்சல் கண்டவர் விடுப்புக் கேட்டால், “மருத்துவர் சான்று எங்கே?” என்று அலுவலகம் வினவுகிறது. மாணவர்களாகிய நீங்களும் பள்ளிக்கு அத்தகைய சீட்டுக் கொண்டு சென்றிருப்பீர்கள். அந்தச் சிறு தாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி பொள்ளாச்சிக்குத் தெற்கே உயர்ந்து நிற்கும் ஆனைமலைத் தோட்டங்களிலும், மற்றொரு பகுதி வடக்கே கோயம்புத்தூர் ஆலைகளிலும் நிகழ்ந்தது. நோயாளியின் சொல்லுக்குச் சாட்சி யார், அந்தச் சாட்சி யாருக்குக் கட்டுப்பட்டவர் என்னும் இரு வினாக்களே அவ்வரலாற்றின் உயிர்நாடி.

கொங்கு நாட்டுப் பண்ணையத்தில் ஆள் ஒருவர் வேலைக்கு வரவில்லையென்றால், காரணம் அறியத் தாள் தேவைப்படவில்லை. அவர் குடிசை கூப்பிடு தூரத்தில் இருந்தது. படுத்திருப்பது ஊருக்கே தெரியும். தெரிந்ததனால் அன்றைய கூலி கிடைத்துவிடும் என்பதில்லை. ஆனால் நோய் பொய்யன்று என்பதை மெய்ப்பிக்கும் சுமையாவது அவருக்கு இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத நூற்றுக்கணக்கான மக்கள் ஓரிடத்தில் வேலை செய்யத் தொடங்கியபோதுதான் அச்சுமை பிறந்தது.

சட்டமும் அச்சுமையைக் கூட்டியது. 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் பெற்றவர் தக்க காரணமின்றி வேலை செய்ய மறுத்தால், மூன்று மாதம் வரை சிறையில் இடப்படலாம். நோய் தக்க காரணந்தான். ஆனால் எழுத்தறியாத ஏழை அதனை எவ்வாறு மெய்ப்பிப்பார்? 1925ஆம் ஆண்டில்தான் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

ஆனைமலையில் காடுகளை அழித்துக் காப்பியும் தேயிலையும் பயிரிட்டபோது, சமவெளி மக்கள் முன்பணம் பெற்று மலையேறினர். அங்கே அவர்களை எதிர்கொண்ட பெரும்பகை மலேரியா. அது முறை வைத்து வரும் காய்ச்சல். நேற்று நடுக்கத்தால் துவண்டவர் இன்று எழுந்து நிற்பார். நாளை மீண்டும் விழுவார். இடைப்பட்ட நாளில் பார்ப்பவர் கண்ணுக்கு அவர் நலமுள்ளவராகவே தோன்றுவார். நோயையும் சோம்பலையும் பிரித்தறியும் பொறுப்பு மேஸ்திரியின் கண்ணுக்கு விடப்பட்டால், விளைவு என்னவாகும்? அத்தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், 1969இல் வெளியான ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலில் அம்மக்களின் துயரைச் சித்திரித்தார். ‘எரியும் பனிக்காடு’ என அது தமிழிலும் வந்துள்ளது.

உலகின் பிற பகுதிகளிலோ வேறொரு வழி முன்பே பிறந்திருந்தது. 1883இல் ஜெர்மனி நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கியது. 1911இல் பிரிட்டன் அதனைப் பின்பற்றியது. தொழிலாளியும் முதலாளியும் சிறுதொகை செலுத்த, நோயுற்ற காலத்தில் தொழிலாளிக்கு உதவித்தொகை கிடைக்கும். பொதுநிதியிலிருந்து பணம் கொடுப்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டுமன்றோ? அங்கே மருத்துவர் சான்று புதிய மதிப்பைப் பெற்றது. அது தண்டனைக்குத் தப்பும் மன்றாட்டாக இல்லாமல், உரிமையைப் பெறும் திறவுகோலாயிற்று.

இந்தியாவில் 1943ஆம் ஆண்டு பேராசிரியர் பி. பி. அடார்க்கர் இதற்கெனத் திட்டம் வகுக்க நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1948இல் பிறந்தது, மக்கள் ‘இ.எஸ்.ஐ.’ என்று வழங்கும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. அன்றைய சென்னை மாநிலத்தில் அது முதன்முதலில் வந்த ஊர் தலைநகரன்று. 1955 ஜனவரியில் பஞ்சாலை நகரமாகிய கோயம்புத்தூருக்கே அப்பெருமை கிட்டியது.

அச்சட்டத்தின் அமைப்பு கருதத்தக்கது. சான்று வழங்குபவர் ஆலை முதலாளியின் ஊழியர் அல்லர். திட்டத்துக்கென நியமிக்கப்பெற்ற மருத்துவர். நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பணவுதவி இல்லை. உதவி பெறுபவர் மருந்தகத்தின் சிகிச்சையில் இருக்க வேண்டும். குணமடைவதைத் தடுக்கும் எதனையும் செய்யலாகாது. அதற்கு ஈடாக, நோய்க்கால உதவி பெறும் தொழிலாளியை அக்காலத்தில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 73ஆம் பிரிவு விதித்தது. ஒருவரை ஐயுறுவதற்கென வந்த தாளே அவரைக் காக்கும் கவசமுமாயிற்று.

ஆனால் அக்கவசம் மலையேறவில்லை. தேயிலைத் தோட்டங்கள் இ.எஸ்.ஐ. வட்டத்துக்குள் வரவில்லை. அவற்றுக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தனியே இயற்றப்பட்டது. தகுதி பெற்ற மருத்துவர் சான்றளித்தால் நோய்க்கால உதவித்தொகை உண்டு என்று அதுவும் கூறியது. எனினும் மருத்துவ வசதி செய்யும் கடமையைத் தோட்ட முதலாளியிடமே அது விட்டது. எனவே சமவெளியில் பொதுநிதியின் மருத்துவர் சாட்சியானார். மலையிலோ பெரும்பாலும் தோட்டத்தின் சம்பளம் பெறும் மருத்துவரே சாட்சியானார். நேர்மையுடையவர் எங்கிருந்தாலும் மெய்யே எழுதுவார். ஆயினும் ஒருவரின் நேர்மையை மட்டும் நம்பியிருக்கும் உரிமை, அவர் மாறும்போது தானும் மாறிவிடும். நல்ல சட்டம் சாட்சியை அச்சமின்றிப் பேசவைக்கும் சட்டமே.

பொய்ச்சான்று என்னும் மறுபக்கமும் உண்டு. நலமுள்ளவர் பெறும் ஒவ்வொரு பொய்ச்சீட்டும், மெய்யாகவே நோயுற்ற மற்றொருவரின் சீட்டை ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. அவருடைய நம்பகத்தையே பொய்யர் செலவழித்துவிடுகிறார். அதனாலேதான் 2002ஆம் ஆண்டில் வெளியான மருத்துவ ஒழுக்க விதிகள், வழங்கும் சான்றுகளுக்கெல்லாம் பதிவேடு வைக்கவும், நோயாளியின் கையொப்பத்தையோ பெருவிரல் ரேகையையோ பெறவும் மருத்துவர்க்குக் கூறின.

மாணவர்களே! உங்களிற் சிலர் நாளை மருத்துவராவீர்கள். சிலர் பிறருக்கு விடுப்பு வழங்கும் பொறுப்பில் அமர்வீர்கள். அப்போது உங்கள் கைக்கு வரும் சீட்டைத் தலைகுனிந்து கெஞ்சுபவரின் மனுவாகக் கருதாதீர்கள். காய்ச்சலோடு வரிசையில் நின்று வேலை செய்த ஒரு தலைமுறைக்குப் பின், நெடிய முயற்சியால் கிடைத்த உரிமை அது. அதில் பொய் எழுதாமலிருப்பது எழுதுபவர் கடன். மெய்யை மதிப்பது படிப்பவர் கடன்.