சைக்கிளில் ஓடிய வானொலி

குறொன்லாண்டில் நாங்கள் மரக்கறி வாங்கும் கடையில் முன்பு ஒரு சின்ன வானொலிப் பெட்டி இருந்தது. இப்போது அந்த இடத்தில் கைபேசிதான் பேசுகிறது. "அந்தப் பெட்டி எங்கே?" என்று அக்காவின் மகள் கேட்டாள். அவளுக்காகவும் உங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நோர்வேயின் அரச வானொலி என்.ஆர்.கே 1933இல் தொடங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நாடு முழுவதும் அந்த ஒரே வானொலிதான். 1980களின் தொடக்கத்தில் சிறிய உள்ளூர் வானொலிகளும் 1993இல் பி4 என்ற தனியார் தேசிய வானொலியும் வந்தன.

2017 ஜனவரி 11 அன்று நூர்லாண்டில் தேசிய எப்.எம். ஒலிபரப்பை நிறுத்தினார்கள். செப்டம்பரில் ஒஸ்லோவின் முறை. டிசம்பர் 13உடன் நாடு முழுவதும் முடிந்தது. இப்படிச் செய்த முதல் நாடு நோர்வேதான். மலையும் பியோர்டும் நிறைந்த நாட்டில் எப்.எம். கோபுரங்களைப் பராமரிக்கச் செலவு அதிகம். டிஏபி முறையில் ஒரே அலைவரிசையில் பல வானொலிகளை அனுப்பலாம். ஆனால் சிறிய உள்ளூர் வானொலிகள் எப்.எம்.மிலேயே தங்கிவிட்டன. பெரியவர்கள் காலி செய்த வீட்டில் சின்னவர்கள் இருக்கிறார்கள்!

அதே 2017இல், ஏப்ரல் 30 அன்று, பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் நின்றது. 1941இல் லண்டனில் தொடங்கியது அது. 76 வருடக் குரல்.

அன்று அம்மா நெடுநேரம் பேசவில்லை. 1990இல் போர் மூண்டபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரவும் தடை. சனங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். அம்மாவின் வீட்டில் சுற்றுவது மாமா. இரவு 9:15க்குத் தமிழோசை. அயலட்டை முழுவதும் முற்றத்தில். மாமாவின் கை சோர்ந்தால் குரலும் தேய்ந்துவிடும். "சுத்தடா!" என்று எல்லோரும் கத்துவார்களாம். எந்தச் சந்தியில் குண்டு விழுந்தது, எந்தப் பாதை பூட்டு என்று அறிய அவர்களுக்கு வேறு வழி அதிகம் இருக்கவில்லை.

இன்று அம்மாவின் கைபேசியில் தமிழ்ச் செய்தி எந்நேரமும் கிடைக்கிறது. "இது வசதிதானே?" என்று கேட்டேன்.

"ஓம், பெடல் சுத்தத் தேவையில்லை," என்றார். "ஆனா செய்தி முடிஞ்ச பிறகு ஆரோட கதைக்கிறது?"

இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒரு செய்தியைச் சத்தமாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் போய் இருந்து பாருங்கள்.