கோழிகளைத் திறந்து விட்ட அன்று



போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் வளவில் முதல் தடவையாகக் கோழிகளைத் திறந்து விட்டோம். ஆறு பேடு, ஒரு சேவல். எல்லாம் ஊர்க்கோழி. வாங்கி வந்து ஒரு கிழமை கூட்டிலேயே அடைத்து வைத்திருந்தோம். புது இடத்துக்கு வந்த கோழியை உடனே விட்டால் திசை தெரியாமல் போய்விடும், முதலில் கூடு பழக வேண்டும். பழகிய பிறகும் முதல் நாள் காலையில் விடக்கூடாது, பொழுதுபட ஒரு மணித்தியாலம் இருக்கும்போதுதான் விட வேண்டும். இதெல்லாம் உம்மாவின் பாடம்.

கூட்டின் கதவைத் திறந்தும் கொஞ்ச நேரம் ஒன்றும் இறங்கவில்லை. பிறகு சேவல் இறங்கியது, பேடுகள் பின்னால் வந்து கிணற்றடி ஈரத்தைக் கிளறத் தொடங்கின. அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால் பற்றைக்குள் ஒரு காட்டுச் சேவல் கூவியது. எங்கள் சேவல் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டு நின்றது.

காட்டுக்கோழியைப் பிடித்துப் பழக்கியதுதான் வீட்டுக்கோழி என்று வகுப்பில் பிள்ளைகள் சொல்வார்கள். அது சரி, ஆனால் நம் காட்டுக்கோழி அல்ல. சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் நிறம் கொண்ட நமது காட்டுக்கோழி இலங்கையில் மட்டும் வாழ்வது, நாட்டின் தேசியப் பறவை. வீட்டுக்கோழியின் முன்னோர் தென்கிழக்காசியாவின் சிவப்புக் காட்டுக்கோழிகள். தாய்லாந்தில் பான் நொன் வாட் என்ற இடத்தில் கிடைத்த, 3,000 வருடங்களுக்கும் மேல் பழமையான எலும்புகளைத்தான் ஐயமில்லாத மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் என்று 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்கு மணி பொறுக்க வந்த பறவை மனிதனோடு தங்கிவிட்டது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. அதாவது வீட்டுக்கோழி இருந்த இடத்தில் மனிதர் இருந்திருக்கிறார்கள். அடுப்பும் தானியமும் இருந்திருக்கின்றன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் பிறந்தது இந்த வளவில் அல்ல, புத்தளத்தில் ஓர் அகதி முகாமில். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். மன்னாருக்குச் சில நாள் தவணை. முசலிக் கிராமங்களும் அப்போதுதான் வெறுமையாகின.

அன்று உம்மும்மா கடைசியாகச் செய்த வேலை கோழிக்கூட்டைத் திறந்து விட்டதுதான். அடைத்து வைத்துவிட்டுப் போனால் பசியில் செத்துப் போகும் என்று. உம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரே இடத்தில்தான் நிறுத்துவார்: "மஃரிபுக்கு அதுகள் கூட்டுக்கு வந்திருக்கும் மகன். நாங்கதான் இல்ல."

2009இல் யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பி வந்தபோது பலருக்குத் தங்கள் வளவே அடையாளம் தெரியவில்லை. இருபது வருடத்தில் மரம் வளர்ந்துவிட்டது. தெற்கே மோதரகம் ஆற்றுக்கு அப்பால் வில்பத்து, அங்கே உள்ள காட்டுக்கோழி இங்கேயும் கூவியது. துப்புரவாக்கத் தொடங்கியதும் "காட்டை அழிக்கிறார்கள்" என்று பேச்சு வந்தது. 2012இலும், 2017இல் மாவில்லு பேணற்காடு என்ற பெயரிலும் இப்பகுதிக் காடுகள் வர்த்தமானியில் ஏறின. தங்கள் பழைய காணிகளும் அதற்குள் போய்விட்டன என்று மக்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. அந்தக் காட்டுச் சேவலுக்கும் இருக்க இடம் வேண்டும். ஆனால் மனிதர் விரட்டப்பட்டதால் வளர்ந்த காட்டையும் ஆதியிலிருந்தே நின்ற காட்டையும் ஒரே கண்ணால் பார்ப்பது நியாயமா? மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்குப் பேர்போன கரை. 1906இல் லெனார்ட் வூல்ஃப் அங்கே கடமைக்கு வந்திருக்கிறார். வெளிநாட்டவர் வந்து போனது புத்தகத்தில் இருக்கிறது. நம் மூத்தும்மாமார் எந்த மரத்தடியில் கோழிக்கூடு வைத்திருந்தார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் வளவை உம்மா கண்டுபிடித்தது பத்திரத்தைப் பார்த்தல்ல, கிணற்றுக் கட்டையும் கூட்டுக்கு அடியில் வைத்த நாலு கல்லையும் பார்த்துத்தான்.

அப்படிச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் இந்தக் கிழமையே கேளுங்கள். கிணறு எங்கே, புளியமரம் எங்கே, பக்கத்து வளவு யாருடையது, கூடு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது. திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஏலுமென்றால் அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். நாளைக்கு ஒருவர் "இது காடு" என்று சொன்னால் காட்டுவதற்கு ஒன்று இருக்கட்டும்.

அன்று மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன்பே ஆறு பேடுகளும் தானாக ஏறிவிட்டன. சேவல் கடைசியாக ஏறியது. உம்மா எண்ணிப் பார்த்து, கதவைச் சாத்தி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

ஊரை விட்டுப் போன எல்லோரையும் அல்லாஹ் அவரவர் வளவில் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.